நெஞ்சைத் தொட்டுச் சொன்னது

சபையில் அவளுக்கு உட்காருகிற இடம் என்று ஒன்று கிடையாது, நிற்கிற இடம்தான். மேடைக்கு இடது பக்கம், பியானோவுக்கும் தூணுக்கும் நடுவே, இரண்டு கால் வைத்தால் நிறைந்துபோகிற தரை. ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நின்றுகொண்டு, போதகர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்லிவந்தாள். அவளுக்கு நேர் எதிரே, முதல் வரிசை ஓரத்து நாற்காலியில், காது கேளாத ஒருவர் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தொடங்கிய புதிதில், பிறகு வெளிநாடு போய்விட்ட அவள் தம்பியையும் சேர்த்து ஆறு பேர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் காலமானார். ஒரு தம்பதி மகள் வீட்டோடு இருக்கப் போனார்கள். ஒரு இளைஞன் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டான். மிஞ்சியவர் இவர் ஒருவர். பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. ஐம்பது தாண்டிய வயது. சபையில் அவரை ரொட்டி அண்ணன் என்பார்கள். அவளைச் சைகை அக்கா என்பார்கள்.

அறுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் எல்லாருக்கும் அக்காவாகிவிட்டதை நினைத்து முதலில் சிரித்துக்கொண்டாள். போகப் போக, தன் பெயர் இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். ஒரு கை விரல் போதுமாக இருந்தது.

வார நாட்களில் அவள் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றுகிற வேலை. நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் குத்திக் குத்திச் சோர்ந்துபோன கைகளைக் கடைசியில் அவளிடம்தான் அனுப்புவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவாள். "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அவளுக்குக் கிடைக்கிற பாராட்டு.

சைகை மொழி அவளுக்குத் தம்பியால் வந்தது. அவன் பிறவியிலேயே காது கேளாதவன். அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் பேசிக் களைத்துப்போவாள். இவள்தான் அவன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தம்பிக்காகத்தான் முதல்முதலில் சபையில் எழுந்து நின்றாள். அந்தத் தம்பி இப்போது கடல் தாண்டி ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். வாரம் ஒரு முறை போனில் முகம் காட்டிப் பேசுவான். சபையைப் பற்றி எடுத்தால் மட்டும் அவன் கை வேறு பக்கம் போய்விடும். சம்பளம், மழை, முழங்கால் வலி என்று பேச்சை மாற்றுவான். யாருக்காகத் தொடங்கினாளோ அவனே இப்போது அந்த வழியில் இல்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், சிடுசிடுப்பு கிடையாது. ஆனால் கோயில், சபை எதுவும் அவனுக்கு ஒட்டாது. வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிறவனுக்கு ஞாயிறு என்றால் பத்து மணிவரை தூக்கம். அவள் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்தே, "எனக்கும் சேத்து வேண்டிக்கோ, மேல போற லைன் உன்கிட்டதான் இருக்கு" என்பான். மகள் ப்ளஸ் ஒன் போனதிலிருந்து டியூஷன் என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு முன் தலை குனிகிறவள் அவள் ஒருத்தியாகிவிட்டாள். மற்ற இருவரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். அந்த மரியாதை அவளுக்கு என்னவோபோல் இருக்கும்; விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை மாதிரி.

சபையில் வேறு விதம். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று போதகர் சொன்னதும் அந்தக் கூடத்தில் இருநூறு பேரும் கண்ணை மூடுவார்கள். ரொட்டி அண்ணனும் அவளும் மட்டும் மூட முடியாது. அவள் கையை அவர் பார்த்தாக வேண்டும். அவர் பார்க்கிறாரா என்று அவள் பார்த்தாக வேண்டும். ஒன்பது வருடமாக அவள் சபையில் கண் மூடியதில்லை. மற்றவர்களின் கண் மூடிய முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். உதடு நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், செல்போனைத் திருட்டுத்தனமாகத் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இத்தனையும் பார்த்துக்கொண்டு, இன்னொருவருடைய ஜெபத்தைக் கையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறவளுக்குத் தன் ஜெபம் எப்போது என்று தெரியவில்லை. வீட்டில் முயன்று பார்த்தாள். கண்ணை மூடினால் தூக்கம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை சபைச் செயலாளர் போன் செய்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. எதையும் நேரத்துக்குச் செய்கிறவர். ரொட்டி அண்ணன் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தார். போதகருக்கு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. அவளுக்கு முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டுவது, ஊசி போடுகிற இடம். செயலாளருக்கு மணிக்கட்டைத் தட்டுவது.

செயலாளர் பதவிசாகத்தான் பேசினார். ஆராதனையை இண்டர்நெட்டில் நேரடியாகக் காட்டக் கேமரா வைத்து மூன்று வாரம் ஆகிறது, படத்தின் ஓரத்தில் அவளுடைய பாதி உடம்பும் கையும் வந்துபோவது பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதாகக் கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள் என்றார். போதகரின் பிரசங்கத்தை முன்கூட்டியே டைப் அடித்துக் கொடுத்தால் ரொட்டி அண்ணன் படித்துக்கொள்ளமாட்டாரா என்று கேட்டார். எழுத்து அவருக்கு இரண்டாவது மொழி, கைதான் அவருடைய தாய்மொழி, ஒரு பக்கம் படிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும் என்று அவள் விளக்கினாள். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "இல்லம்மா, ஒருத்தருக்காகத்தானேன்னு யோசிச்சோம். உனக்கும் ஒரு ஓய்வா இருக்கும்" என்றார். ஜெபித்து முடிவு சொல்லச் சொன்னார்.

அவள் ஜெபிக்கவில்லை. ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் தன் மனசு ஒரு நொடி குளிர்ந்ததே, அதை நினைத்துத்தான் இரண்டு நாளும் வெட்கப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஊழியத்தின் மகிழ்ச்சியைப் பற்றி. போதகர் நன்றாகப் பேசுகிறவர். குரலை ஏற்றவும் தெரியும், இறக்கவும் தெரியும். கால்மணி நேரம் அவள் கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, சொன்னார்:

"இருபத்திரண்டு வருட ஊழியத்தில் நான் ஒரு நாள்கூடத் தனிமையை உணர்ந்தது இல்லை."

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் இவர்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நடுவில் நுழையக் கூடாது. கையால் 'நான்' என்று சொல்ல, விரலால் தன் நெஞ்சைத் தொட வேண்டும். ஒன்பது வருடமாகப் போதகரின் 'நான்' எல்லாம் அவள் நெஞ்சில்தான் பட்டிருக்கிறது. அவள் கவனித்ததே இல்லை. அன்றைக்கு விரல் நெஞ்சில் பட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஊழியம் என்றாள். தனிமை என்றாள். உணர்ந்தேன் என்றாள். கடைசியில் 'இல்லை' வர வேண்டும். கை எழும்பவில்லை.

நான் ஊழியத்தில் தனிமையை உணர்ந்தேன். வாக்கியம் அங்கேயே நின்றது.

திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. அவள் திருத்தவில்லை. மறுபடி நெஞ்சைத் தொட்டாள். நான் வீட்டில் தனி என்றாள். இங்கேயும் தனி. ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று வாராவாரம் என் கை சொல்கிறது, எனக்கு அவர் பேசி நாளாகிறது. நான் சொல்வதெல்லாம் அடுத்தவர் வார்த்தை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. விட்டுவிடச் சொல்கிறார்கள், எனக்கும் விட்டுவிட ஆசையாக இருக்கிறது. இது யாருக்கும் தெரியாது.

அதே நேரம் போதகர், தான் முதல்முதலாகப் பிரசங்கம் செய்த அன்று குறிப்புத்தாள் என்று நினைத்துச் சலவைக்கடைச் சீட்டை எடுத்துக்கொண்டு மேடையேறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடம் குலுங்கிச் சிரித்தது. கூடம் சிரிக்கும்போது ரொட்டி அண்ணனும் சிரிப்பதுதான் வழக்கம். அவள் கை அத்தனை வேகம். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மடிமேல் வைத்திருந்த கையைக் கொஞ்சம் தூக்கி, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகக் கேட்டார்.

"இது அவரா, நீயா?"

அவள் நெஞ்சைத் தொட்டாள். "நான்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். "சொல்லு" என்றார்.

அதற்குமேல் சொல்ல அவளிடம் அதிகம் இல்லை. சொன்னதையே வேறு விதமாக இன்னொரு தடவை சொன்னாள். தம்பியைப் பற்றி ஒரு வரி சொன்னாள். அதற்குள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எதிரில் இருக்கிற முகம் கலங்கித் தெரிந்தது. மேடையில் போதகர் பிரசங்கத்தை முடித்து, கண்களை மூடி ஜெபிப்போம் என்றார்.

இருநூறு பேரும் கண்ணை மூடினார்கள். போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். அவள் கையை உயர்த்தப் பார்த்தாள். ரொட்டி அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். அவரே இரண்டு கையையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி ஜெபம் செய்தார். அடுப்பில் சுட்டுச் சுட்டுத் தழும்பேறிய கை அது. ஆண்டவரே, இவள் களைத்திருக்கிறாள் என்றார். முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டி அவள் பெயரைச் சொன்னார். இவள் பேசுவது உங்களுக்கும் புரியும், எனக்கும் புரியும். என்ன கொடுக்க வேண்டுமோ அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், எனக்கு வழி தெரியவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று இவளுக்குக் காட்டுங்கள்.

தனக்காக ஒருவர் ஜெபிப்பதை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கையைக் கீழே விட்டபடி நின்றாள். கூடம் ஆமென் என்றபோது ரொட்டி அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக நழுவப் பார்த்தாள். வண்டி நிறுத்துகிற கொட்டகையில் அவர் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவருக்குக் கோபம்.

"ஒன்பது வருஷமா உனக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கேன். என்னை என்னன்னு நினைச்சே, நாற்காலின்னா?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். உங்களுக்குச் சேர வேண்டிய பிரசங்கத்தைத் தராமல் என் கதையைச் சொல்லிவிட்டேன் என்றாள். அவர் அதைக் கையாலேயே ஒதுக்கித் தள்ளினார். பிரசங்கம் அடுத்த வாரமும் இருக்கும் என்றார். அவருடைய குறை அது இல்லை. தொழிற்சாலையில் தன்னோடு பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தன் பேச்சு தெரியாது என்றார். அறைக்குப் போனால் சுவர். வாரத்தில் ஒரு நாள் தன் மொழி பேசுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாளே என்று குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார். அவள் ஆமென் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

"நீ எனக்கு ஊழியம் செய்யறே. சரி. ஒரு நாளாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கியா? என்னைச் சுமையாட்டம் சுமந்துக்கிட்டு, தனியா சுமக்கிறேன்னு அழறே."

 அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதையே கேட்டாள். ஒரு மகள் என்றார். காது கேட்கிறவள். கட்டிக்கொடுத்தாயிற்று. சின்ன வயதில் நன்றாகச் சைகை பேசுவாள், இப்போது மறந்துகொண்டு வருகிறாள். சொல்லும்போது கோபம் இறங்கிவிட்டது. எதிரே இருந்த கடையில் இருவரும் டீ குடித்தார்கள். அவர் தன் ஃபோர்மேன் நடக்கிற நடையை நடித்துக் காட்டினார். டீக்கடைக்காரர் கணக்கை விட்டுவிட்டு அதையே வேடிக்கை பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணவனிடமும் சொன்னாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்துவிட்டது. அவன் தலையணை உறையைக் கையில் வைத்தபடி கேட்டான். கிண்டல் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"உன் சாமி விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். "ஆனா நீ தனியா இருக்கேன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கக் காது போதுமே, பக்தி எதுக்கு?"

அடுத்த ஞாயிறு அவள் தன் இடத்தில் நின்று, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். ஆராதனை முடிந்து போதகர் அவளை இரண்டு மூன்று தரம் ஏதோ கேட்க வந்ததுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் முடிந்ததும் அலுவலகத்துக்கு வர முடியுமா என்று போன் செய்தார். செயலாளர் போனில் கேட்ட விஷயத்துக்கு முடிவு கேட்கிறார் என்று நினைத்துப் போனாள்.

அலுவலகம் சின்ன அறை. இரும்பு மேசை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கீபோர்டின் உடைந்த ஸ்டாண்ட். போதகர் நாற்காலி ஒன்றை உருவிப் போட்டு உட்காரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இதுல எனக்குச் சில விஷயம் புரியலம்மா. நீ படிச்சுப் பாரு" என்றார்.

கோடு போட்ட தாள். குண்டு குண்டான எழுத்து. அடியில் ஒரு பெண்ணின் பெயரும் விலாசமும்.

'ஐயா. எனக்குக் காது கேட்காது. வீட்டில் எல்லாரும் வாய். நான் மட்டும் கை. ஞாயிறு உங்கள் சபை கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஓரத்தில் அக்கா சைகை, அதனால் பார்க்கிறேன். போன ஞாயிறு நீங்கள் சொன்னீர்கள், நான் தனி, வீட்டில் தனி, சபையில் தனி, ஆண்டவர் பேசி நாள் ஆகிறது, களைப்பு. எனக்கு ஆச்சரியம். பெரிய ஐயா அதுவும் சொல்கிறார். நான் மட்டும் அப்படி என்று நினைத்தேன். அழுதேன். பிறகு பயம் போய்விட்டது. தினம் காலை ஆறு மணி உங்களுக்காக ஜெபம் செய்கிறேன். அந்த அக்கா நல்ல மனசு. உங்கள் துக்கம் தாங்காமல் கடைசி ஜெபத்தில் அவர் கை நின்றுவிட்டது. அவருக்கு நன்றி சொல்லுங்கள்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். ரொட்டி அண்ணன் படத்தில் வரவில்லை, அவள் மட்டும்தான் வந்திருக்கிறாள். அவள் நெஞ்சைத் தொட்டு 'நான்' என்றதெல்லாம் போதகருடைய 'நான்' ஆகிப்போயிருக்கிறது. முறைப்படி அது அப்படித்தான் ஆக வேண்டும்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எந்த வாக்கியத்தில் கை நின்றது, அதற்குப் பிறகு என்னென்ன சொன்னாள், ஏன் சொன்னாள் என்று எல்லாவற்றையும். போதகர் முகம் இறுகியது.

"நான் சொல்லாததை நான் சொன்ன மாதிரி ஆக்கிட்டியேம்மா" என்றார்.

"தப்புதான் ஐயா."

 கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். வெளியே யாரோ கூடத்தைப் பெருக்குகிற சத்தம் கேட்டது. இனிமேல் நீ நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கடிதத்தை எடுத்து மடித்தார். அவளிடம் நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இது உனக்கு வந்த கடிதம். சனிக்கிழமை வந்துச்சு. என்னமோ தப்பா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு அப்பவே தெரியும். ஆனாலும் ஞாயித்துக்கிழமைலேருந்து காலைல ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிறேன். எங்கேயோ ஒருத்தி இப்ப எனக்காக ஜெபம் பண்றாளேன்னு. இப்ப உன்கிட்ட குடுக்கணும்னா மனசு வரமாட்டேங்குது."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஊசி போடுகிற வேலையில் அவள் கற்றது அது: நரம்பு கிடைத்த பிறகு கையை அசைக்கக் கூடாது.

"அந்த வரிய இருபது வருஷமா எல்லா இடத்துலயும் சொல்றேன்" என்றார் போதகர். "கேட்கிறவங்களுக்குத் தெம்பா இருக்கும்னு. போதகர்கிட்ட எல்லாரும் பேசுவாங்கம்மா. போதகர் யார்கிட்ட பேசுறது? என் வீட்டுக்காரிகிட்ட சொன்னா அவ கவலைப்படுவா. கமிட்டியில சொன்னா கமிட்டி கவலைப்படும்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பதில் எழுத இருவரும் உட்கார்ந்தார்கள். ஐந்து வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. போதகர் சொன்ன முதல் வரி பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று அவள் அடித்தாள். அவள் எழுதிய இரண்டாவது வரியில் மன்னிப்பு மூன்று தடவை வருகிறது என்று அவர் அடித்தார். சுலபமான வார்த்தை, சின்ன வாக்கியம், நேராகச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். 'அன்று பேசியது நான், சைகை அக்கா. ஐயா இல்லை' என்று அவள் எழுதினாள். 'உன் ஜெபம் என்னைத் தேடி வந்திருக்கிறது, நன்றி' என்று எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுத என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபோது, போதகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐயாவுக்கும் அது தேவையா இருக்கு, நிறுத்திட வேண்டாம்னு எழுதும்மா."

கமிட்டியில் அவர் கடிதத்தைக் காட்டவில்லை. தொலைவில் ஒருவர் இந்தக் கைக்காகவே பார்க்கிறார் என்று மட்டும் சொன்னார். செயலாளர், காட்டுவதென்றால் பாதியாகக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவரே ஏணி போட்டு ஏறி, கேமராவை அவள் முழுசாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். இறங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஆண்டவர் மறுபடி பேசினாரா என்று கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் அடித்துச் சொல்லத் தெரியாது. வறண்டுபோன ஞாயிறுகள் பிறகும் வந்தன. 'நான்' என்று நெஞ்சைத் தொடும்போது சில வாரம் ஒன்றும் தோன்றாது, சில வாரம் உள்ளே ஏதோ பதில் தருவதுபோல இருக்கும். அப்படி இருக்கிற வாரங்களில் மொழிபெயர்ப்பு ஒரு நொடி பின்தங்கும். ரொட்டி அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். மடிமேல் விரலை அசைத்து, காத்திருக்கிறேன் என்பார். ஆராதனைக்குப் பிறகு டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. ஓரிரு முறை கணவனும் வந்து அந்தக் கடையில் உட்கார்ந்தான். சபைக்கு வரவில்லை, டீக்கு வந்தான்.

அந்தப் பெண்ணின் பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. அதே கோடு போட்ட தாள், அதே குண்டு எழுத்து. அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தாள். இரண்டே வரி.

'அக்கா சொன்னதா. பரவாயில்லை. இப்போது இரண்டு பேர், ஆறு மணி போதாது, ஐந்து ஐம்பதுக்கு எழுந்திருக்கிறேன்.'

சனிக்கிழமை லேபில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த விலாசத்துக்கு எந்த பஸ் போகிறது என்று விசாரிக்கக் கிளம்பினாள். ரொட்டி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருந்தார்.